மரச்சிற்ப அளவு மரபும் மென்பொருள் வடிவமைப்பு ஒழுங்கும்: கள்ளக்குறிச்சியை முன்வைத்து

கல்வராயன் மலைக்குக் கிழக்கே அமைந்த கள்ளக்குறிச்சி வட்டாரம் மரச்சிற்பத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. 2019ஆம் ஆண்டு விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான இப்பகுதியின் மரச்சிற்பங்கள் 2021இல் புவிசார் குறியீடு பெற்றன. பல பட்டறைகளில் பலர் கைபட உருவாகும் சிற்பங்கள் ஒரே மரபினவாக அறியப்படுவது எங்ஙனம் என்னும் வினா, மென்பொருள் குழுக்கள் 'டிசைன் சிஸ்டம்' என வழங்கும் வடிவமைப்பு ஒழுங்கிற்கும் உரியது. பொத்தான், எழுத்துரு, வண்ணம், இடைவெளி ஆகியவற்றை ஒருமுறை வரையறுத்துக்கொண்டு, குழுவினர் அனைவரும் அவற்றையே எடுத்தாளுதல் அவ்வொழுங்காகும். கூகுள் நிறுவனம் 2014இல் வெளியிட்ட 'மெட்டீரியல் டிசைன்' இதற்குப் பலரறிந்த சான்று. நல்ல ஒழுங்கின் பண்புகளைச் சிற்ப மரபின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

தமிழகச் சிற்பமரபில் திருவுருவங்களின் உயரம் தாலம் என்னும் அலகால் கூறப்படும். பொதுவாக ஒரு தாலம் 12 அங்குலம்; ஓர் அங்குலம் 8 யவை. இவ்வங்குலம் அளவுகோலில் பொறித்த அங்குலம் அன்று என்பது கருதத்தக்கது. உத்தம தசதாலத்தில் அமையும் உருவத்தின் முழு உயரத்தை 124 கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறே அவ்வுருவத்திற்குரிய அங்குலம். ஆகவே ஓரடிச் சிற்பமாயினும் ஆளுயரச் சிற்பமாயினும் முகத்திற்கும் மார்பிற்கும் உள்ள விகிதம் மாறுவதில்லை. கைப்பேசித் திரைக்கும் மேசைக்கணினித் திரைக்கும் ஒருங்கே பொருந்த வேண்டிய வடிவமைப்பில் நிலைத்த அளவுகளைவிடச் சார்பளவுகள் பயன்மிக்கனவாதற்குக் காரணமும் இதுவே.

அளவு ஒன்றாயினும் அது எல்லா உருவத்திற்கும் ஒன்றன்று. தேவியர்க்கு 120 அங்குலம் கொண்ட மத்திம தசதாலமும் பிள்ளையார்க்குப் பஞ்சதாலமும் விதிக்கப்பட்டுள்ளன. பிள்ளையாரைத் தசதாலத்தில் செதுக்கினால் அது பிள்ளையாராகாது. மென்பொருள் குழுக்கள் பெரிதும் தவறுவது இவ்விடத்திலேதான். வங்கிச் செயலிக்கு வகுத்த ஒழுங்கைச் சிறுவர் பாடச் செயலிக்கும் அப்படியே சுமத்திவிட்டு, அதனை ஒருமைப்பாடு என்று கொள்கின்றனர். வகைக்கேற்ற அளவும், அவ்வகைப்பாட்டிற்கான காரணமும் எழுதிவைக்கப்பட்ட ஒழுங்கே நீடிக்கும். காரணம் அறியாத புதியவர் விதியை மீறுவார். அன்றேல் பொருந்தா இடத்தும் அதனைப் பற்றிக்கொள்வார்.

விதியின் எல்லையும் தெளிவுபட வேண்டும். மைய நூலும் உறுப்பளவும் கைக்கருவிகளும் மாற்றத்திற்கு உரியன அல்ல. அணிகலனின் நுண்வேலை, ஆடை மடிப்பு, மரத்தின் ரேகைக்கு இயைய உளியைச் செலுத்தும் திறம் ஆகியன செதுக்குவோர்க்கு உரியன. அவ்விடமும் அடைபடின் சிற்பி அச்சுவார்ப்பவராகிவிடுவார்.

இவற்றுள் தமிழுக்கு நேரடித் தொடர்புடையது அளவுச் சிக்கலே. இலத்தீன் எழுத்தை அடியாகக் கொண்ட ஒழுங்குகளில் வரியுயரம் தமிழுக்குப் போதுவதில்லை. மேலெழும் இகரக் குறியும் கீழிறங்கும் உகரக் குறியும் வெட்டுண்டு தோன்றுகின்றன. ஆங்கிலத்தில் ஆறெழுத்தால் அமையும் 'சப்மிட்' என்பதற்கு ஈடான 'சமர்ப்பிக்கவும்' ஒன்பது எழுத்துடையது. குறுகிய பொத்தானில் அது பாதியில் முறிகிறது. எழுத்துருவைச் சிறிதாக்கி இதனைச் சரிசெய்வது முகத்தைக் குறைத்து முடியைப் பொருத்துவதை ஒக்கும். 'கீ', 'கூ' போன்ற எழுத்துகளின் முழு உயரத்தை அலகாகக் கொண்டு வரியளவையும், நீண்ட வினைமுற்றைக் கொண்டு பொத்தானின் அகலத்தையும் தொடக்கத்திலேயே வகுப்பது தமிழுக்குரிய தாலமாக அமையும்.