காருக்கு ஒயரிங் கிட் வாங்கறீங்களா? கப்ளரைப் பாருங்க, பில்லைக் கேளுங்க

தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் திருப்பூர்ல துணிக்கடைக்கு அடுத்து கூட்டம் சேர்ற இடம் கார் ஆக்சஸரீஸ் கடைதான். குறிப்பா எர்டிகா மாதிரி ஏழு சீட் வண்டி வச்சிருக்கிற குடும்பங்கள். இஎம்ஐ குறையணும்னு கீழ் வேரியன்ட் எடுத்திருப்பீங்க. அப்புறம் டச் ஸ்கிரீன், ரிவர்ஸ் கேமரா, ஃபாக் லேம்ப், ஹாரன்னு ஒவ்வொண்ணா வெளியில மாட்டுவீங்க. தப்பில்ல, மேல் வேரியன்ட்டுக்குக் கொடுக்கிற வித்தியாசத்தைவிட பல சமயம் இது மலிவாவே முடியும். ஆனா பொருளோட விலையை நாலு கடையில விசாரிக்கிற நாம, அதை வண்டியோட ஒயரிங்ல எப்படி இணைக்கப் போறாங்கன்னு கேட்கறதே இல்ல. பின்னாடி பெரிய செலவு வர்றது அந்த இடத்துலதான்.

அமெரிக்காவுல மினிவேன் வச்சிருக்கிறவங்க பின்னாடி சின்ன டிரெய்லர் இழுத்துட்டுப் போறது சாதாரணம். டிரெய்லர் விளக்கு எரியறதுக்கு வண்டியில இருந்து இணைப்பு எடுக்கணும். டெயில் லேம்ப் கப்ளரைக் கழட்டி நடுவுல சொருகிக்கிற ஹார்னஸ் ஒரு வழி. ஒயரைச் சீவி ஒட்டுப் போடறது இன்னொரு வழி. நமக்கு டாட்டா ஏஸ் வாடகைக்குக் கிடைக்கிறப்ப யாரும் எர்டிகாவுல டிரெய்லர் மாட்டப் போறதில்ல. ஆனா அந்த ரெண்டு வழி இங்கேயும் அப்படியேதான் இருக்கு. கடைக்காரர் "கட்டிங் இல்லாம பண்ணித் தரட்டுமா?"ன்னு கேட்டா அது முதல் வழி. ஒண்ணும் கேட்காம பிளேடை எடுத்தா ரெண்டாவது.

கட்டிங் இல்லாத ஹார்னஸ் கொஞ்சம் விலை அதிகம். 1,500 ரூபாய் கூட ஆகுதுன்னு வைங்க. அந்தக் காசுக்கு என்ன கிடைக்குதுன்னு புரியணும்னா ஒரு சின்ன கணக்கு போடணும்.

ஹாலோஜன் ஹெட்லைட்டுக்கு கம்பெனி போடற எச்4 பல்பு 60/55 வாட். 12 வோல்ட்ல ஹை பீம் எரியும்போது ஒரு பல்பு சுமார் 5 ஆம்பியர் இழுக்கும், ரெண்டுக்கும் 10. வெளிச்சம் பத்தலைன்னு 100/90 வாட் பல்பு மாட்டினா அது கிட்டத்தட்ட 17 ஆம்பியர் ஆயிடும். ஒயரோட தடிமன், சுவிட்ச், பல்பு ஹோல்டர் எல்லாமே பழைய 10-ஐ நம்பி வச்சது. நைட்ல வால்பாறை ஏறும்போது மணிக்கணக்கா லைட் எரிஞ்சா, ஹோல்டர் முதல்ல பழுப்பாகும், அப்புறம் உருகும். ரிலே வச்ச ஒயரிங் கிட் இதைத்தான் தவிர்க்குது. கரண்ட் பேட்டரியில இருந்து தனி ஃபியூஸ் வழியா நேரா பல்புக்குப் போகும், பழைய ஒயர் ரிலேவை ஆன் பண்ற வேலையை மட்டும் பார்க்கும். அதிக வாட் பல்பால லேம்ப் ரிஃப்ளெக்டருக்கு வர்ற சூட்டை ரிலேவும் குறைக்காது. அதனால ரிலே போட்டாலும் 60/55-லயே நிக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

ஃபியூஸ் இருக்கிறது ஒயரைக் காப்பாத்த. அடிக்கடி போகுதேன்னு 15 ஆம்பியர் இருந்த இடத்துல 30 போட்டுக் கொடுத்தா, அடுத்த தடவை ஃபியூஸ் போகாது, ஒயர் போகும். அதே மாதிரி, கிட் ஒயரோட நுனியைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்க. மேல செம்பு நிறம், உள்ள வெள்ளையா தெரிஞ்சா அது செம்பு முலாம் பூசின அலுமினியமா இருக்கலாம். அது செம்பைவிடக் குறைவான கரண்டைத்தான் தாங்கும், வேண்டாம். ஒட்டு போட்டே ஆகணும்னா கிரிம்ப் பண்ணி ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடச் சொல்லுங்க. இன்ஜின் சூட்டுல வெறும் இன்சுலேஷன் டேப்போட பசை இளகிப் பிரிஞ்சுடும்.

இப்ப என் ஏரியாவுக்கு வர்றேன். "ஏதாச்சும் ஆனா இன்சூரன்ஸ் இருக்கே"ன்னு நிறைய பேர் தைரியமா இருக்கீங்க. பாலிசியோட ஓன் டேமேஜ் பகுதியில தீ, தானாகத் தீப்பிடிக்கிறது ரெண்டும் கவர் ஆகும். ஆனா மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் பிரேக்டவுன் விலக்குப் பட்டியல்ல இருக்கு. அதாவது வண்டி எரிஞ்சா க்ளெய்ம் கேட்க வழி இருக்கு. தீப்பிடிக்காம ஒயரிங் மட்டும் ஷார்ட் ஆகி, ஏதோ ஒரு கன்ட்ரோல் யூனிட் செத்துப் போச்சுன்னா சாதாரண பாலிசியில அது உங்க பாக்கெட்தான். டாஷ்போர்டைக் கழட்டி ஒயரிங் தேடற வேலைக்கு லேபர் மட்டுமே எவ்வளவு வரும்னு சர்வீஸ் சென்டர்ல ஒரு தடவை கேட்டுப் பாருங்க, 1,500 சின்னதா தெரியும்.

அடுத்தது, நீங்க வெளியில மாட்டின பொருள். கம்பெனி விலையில சேராத எலக்ட்ரானிக் ஃபிட்டிங்ஸுக்கு ஐஎம்டி 24-னு தனி எண்டார்ஸ்மென்ட் உண்டு. டேரிஃப்படி அந்தப் பொருளோட மதிப்புல 4% பிரீமியம். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறலாம். ஸ்கிரீன், கேமரா, லேம்ப் எல்லாம் சேர்த்து 25,000 ரூபாய்னா 1,000 ரூபாய், அதுக்கு 18% ஜிஎஸ்டி, மொத்தம் 1,180. மாசம் நூறு ரூபாய்கூட இல்ல. இதைப் போடாம வண்டி திருடு போனாலோ எரிஞ்சாலோ, ஐடிவி-யில அந்த 25,000 இருக்காது. ரினியூவல் ஆன்லைன்ல பண்றப்ப "எலக்ட்ரிக்கல் ஆக்சஸரீஸ்"னு ஒரு கட்டம் வருமே, அதை பூஜ்ஜியம்னு விட்டுட்டுப் போறோம்ல, அதுதான் இது.

எண்டார்ஸ்மென்ட் கேட்டா பில் கேட்பாங்க. இங்கதான் "பில் வேண்டாம்னா ஜிஎஸ்டி மிச்சம்"ங்கிற பேச்சு இடிக்குது. 2025 செப்டம்பர் 22-ல இருந்து கார் பாகங்களுக்கு ஜிஎஸ்டி 28%-ல இருந்து 18%-ஆ குறைஞ்சாச்சு. 25,000 ரூபாய் பொருளுக்கு 4,500 ரூபாய் மிச்சம் பண்றதா நினைச்சு, கிட்டோட வாரண்டி, இன்சூரன்ஸ் மதிப்பு, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக ஆதாரம், மூணையும் விடறீங்க. பில்லுல "ஆக்சஸரீஸ்"னு ஒத்தை வார்த்தை எழுதினா பத்தாது. மாடல், வாட், "கட்டிங் இல்லாத கப்ளர் ஹார்னஸ், ஃபிட்டிங் உட்பட"ன்னு எழுதி வாங்குங்க. ஃபிட்டிங்கை நீங்களே போன்ல ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

பில்லை உங்க கம்பெனி பேர்ல போட்டு ஜிஎஸ்டி கிரெடிட் எடுத்துக்கலாம்னு யாராவது சொல்வாங்க. ஓட்டுநரோட சேர்த்து 13 சீட் வரைக்கும் உள்ள பயணிகள் வண்டிக்கு கிரெடிட் பொதுவாவே தடை. ரிப்பேருக்கும் அதே கதைதான். அந்தப் பக்கம் போகாதீங்க.

வண்டிக்கு வாரண்டி இன்னும் ஓடுதான்னு பாருங்க. மாருதி 2024 ஜூலையில ஸ்டாண்டர்டு வாரண்டியை 3 வருஷம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர்னு கூட்டியிருக்கு. வெளியில செஞ்ச மாற்றத்தால வர்ற பழுதை எந்தக் கம்பெனியும் வாரண்டியில ஏத்துக்காது. கப்ளர் ஹார்னஸோட பெரிய லாபம் இது: சந்தேகம் வந்தா கழட்டிட்டு பழைய கப்ளரைச் சொருகிப் பார்க்கலாம், பழுது எதுலன்னு தெரிஞ்சுடும். வெட்டின ஒயர்ல அது முடியாது.

ஸ்கிரீன், கேமராவுக்கெல்லாம் ஆர்டிஓ ஆபீஸ் போக வேண்டியதில்ல. வெளியில சிஎன்ஜி கிட் போட்டா மட்டும் கதை வேற. எரிபொருள் மாறுது, ஆர்சி-யில ஏத்தணும், பாலிசியில தனியா சேர்க்கணும். டிஎன் 39-ஆ இருந்தாலும் 42-ஆ இருந்தாலும் இதுல சலுகை கிடையாது.

எல்லாம் சரியா வச்சிருந்தும் க்ளெய்மை நிராகரிச்சா, காரணத்தை எழுத்துல கேளுங்க. முதல்ல கம்பெனியோட குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்க. ஒரு மாசத்துல பதில் வரலைன்னாலோ, வந்த பதில் திருப்தி இல்லைன்னாலோ, சென்னையில இருக்கிற இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் கிட்ட போகலாம். 50 லட்சம் வரை விசாரிப்பாங்க, கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்ல. கம்பெனி நிராகரிச்சதுல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள போகணும். ஃபைல்ல மேல வைக்க வேண்டிய காகிதம், அந்த ஹார்னஸ் பில்.