பத்தமடைப் பாய்க்கு ஏன் இந்த விலை?

தாமிரபரணிப் பாசனத்தில், சேரன்மகாதேவிக்கு அருகில் இருக்கும் ஊர் பத்தமடை. மணமக்கள் பெயர் நெய்த கல்யாணப் பாய்க்குத் தென்மாவட்டங்கள் தேடிப்போகும் ஊர் அது. கோரைப்பாய் சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது. பல ஆயிரம் ரூபாய்க்கும் விற்கிறது. எல்லாமே கோரைதானே, எதற்கு இவ்வளவு வித்தியாசம் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பதில் கோரையில் இல்லை, அதற்குச் செலவாகும் நாட்களில் இருக்கிறது.

கோரை இழையாவது எப்படி?

ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரங்களிலும் வளரும் கோரையைப் பச்சையாக இருக்கும்போதே அறுக்கிறார்கள். நீளவாக்கில் கிழித்து, பஞ்சு போன்ற உட்சதையைக் கத்தியால் வழித்தெடுத்து வெயிலில் காயப்போடுகிறார்கள். பிறகு கட்டுக்கட்டாக ஓடும் தண்ணீரில் பல நாள் ஊறவைக்கிறார்கள். ஊறிய கோரை உப்பி, மென்மையாகிவிடும். அதை மறுபடி உலர்த்திச் சாயம் ஏற்றுவார்கள். சிவப்புக்கு முன்பு சப்பங்கக் கட்டையைப் பயன்படுத்தினார்கள். இப்போது பெரும்பாலும் ரசாயனச் சாயம்தான். நுண்பாய்க்கு இழை எவ்வளவு மெலிகிறதோ, அவ்வளவு வேலை கூடும்.

தறியில் என்ன நடக்கிறது?

தறி தரையோடு தரையாக இருக்கும். பாவு பருத்தி நூல், ஊடை கோரை. உயர்ந்த ரகத்துக்கு நூறாம் நம்பருக்கு மேற்பட்ட மெல்லிய நூல் போடுவார்கள். நீளமான குச்சியின் நுனியில் கோரை இழையைச் செருகி, பாவு நூல்களுக்கு ஊடே மறுகரைக்குக் கொண்டுபோக வேண்டும். குச்சியை உருவியதும் அச்சை இழுத்து அடிக்க வேண்டும். பாய் முடியும் வரை ஒவ்வோர் இழைக்கும் இதே வேலை. முரட்டுப் பாய் சீக்கிரம் முடிந்துவிடும். நுண்பாய்க்கு வாரக்கணக்கில் ஆகும். இதைத் தலைமுறைகளாகச் செய்துவருபவர்கள் லெப்பை முஸ்லிம் குடும்பத்தினர். தறியில் உட்காருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

புவிசார் குறியீடு போதாதா?

பத்தமடைப் பாய்க்கு அந்தக் குறியீடு கிடைத்திருக்கிறது. அது பெயரைக் காக்கும்; நெய்பவருக்குக் கூலி தராது. முரட்டுக் கோரையை விசைத்தறி நெய்கிறது, அதற்கும் கீழான விலையில் பிளாஸ்டிக் பாய் வந்துவிட்டது. இந்தப் போட்டியில் ஒரு கைத்தொழில் எப்படி நிற்கும் என்பதற்குத் திபெத்தியர்களிடம் ஒரு பாடம் இருக்கிறது. 1959-இல் அகதிகளாக வந்தவர்கள் அதே ஆண்டு டார்ஜிலிங்கில் சுயஉதவி மையம் தொடங்கினார்கள். கர்நாடகத்தின் பைலகுப்பே குடியிருப்பிலும் கம்பளத் தறிகள் வந்தன. கம்பளி நூலைப் பாவோடு சேர்த்து ஒரு கம்பியில் சுற்றிக்கொண்டே போய், வரிசை முடிந்ததும் கம்பியின் மேல் கத்தியை ஓட்டி அறுப்பது அவர்கள் முறை. அதுவும் பொறுமை கேட்கும் வேலைதான். கம்பளி, கூலி, விற்பனை மூன்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்ததால் நாடிழந்தவர்களுக்கு அந்தத் தொழில் சோறு போட்டது. பத்தமடைக்கும் தேவை அப்படியோர் ஏற்பாடுதான்.

வாங்குபவர் என்ன பார்க்க வேண்டும்?

பாயைத் திருப்பிப் பாருங்கள். இழைகள் இடைவெளியின்றி நெருங்கியிருக்க வேண்டும். மடித்துப் பாருங்கள், நல்ல நுண்பாய் முறியாமல் துணிபோல மடங்கும். கல்யாணத்துக்கு வேண்டுமென்றால் சில மாதங்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். முடிந்தால் நெய்பவர்களிடமே நேரில் வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். நீங்கள் கொடுக்கும் விலை ஒருவரின் பல வார உழைப்புக்கான கூலி.