மெய்யியலும் அரசறிவியலும் இணைந்த கல்வி: மன்னார்க் கரையிலிருந்து ஒரு நோக்கு

உயர்தர வகுப்பிற் கலைத்துறை பயிலும் மாணவர் பலர் 'அளவையியலும் விஞ்ஞான முறையும்', 'அரசியல் விஞ்ஞானம்' ஆகிய பாடங்களைக் கற்கின்றனர். பல்கலைக்கழகத்தில் இவற்றின் தொடர்ச்சியாக மெய்யியல், அரசறிவியல் எனும் இரு துறைகள் அமைகின்றன. நீதி யாது என வினவுவது முன்னையது. ஆட்சி எவ்வாறு நடைபெறுகின்றது என ஆராய்வது பின்னையது. இப்பிரிவினை ஆய்வு வசதிக்கு உகந்ததே. எனினும், ஒரு சமூகம் தன் முன்னுள்ள சிக்கல்களைத் தீர்க்க முற்படுங்கால் இவ்விரு வினாக்களும் பிரிந்து வருவதில்லை. இரண்டையும் ஒருங்கே கற்பிக்கும் பட்டநெறியின் தேவையை மன்னாரின் வரலாற்றைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்தகைய இணைப்பு புதியதன்று. அரிஸ்டோட்டில் ஒழுக்கவியலை அரசியல் ஆய்வின் ஒரு பகுதியாகவே கொண்டார். திருக்குறளிலும் அறத்துப்பாலைத் தொடர்ந்தே அரசியல் கூறும் பொருட்பால் வருகின்றது. நவீன காலத்தில் இவ்விணைப்புக்குப் பட்டநெறி வடிவம் அளித்தது ஒக்ஸ்போட் பல்கலைக்கழகமாகும். 1920ஆம் ஆண்டு அங்கு மெய்யியல், அரசியல், பொருளியல் ஆகிய மூன்றும் ஒரே பட்டநெறியாக்கப்பட்டன. பிரித்தானியப் பிரதமர் ஹரோல்ட் வில்சன், பாகிஸ்தான் பிரதமர் பெனாசிர் பூட்டோ முதலியோர் அந்நெறியிற் கற்றவர்களே. ஆளும் வர்க்கத்தை உருவாக்கும் பட்டறை என்ற கண்டனம் அதன்மீது சுமத்தப்படுவதுண்டு. அக்கண்டனம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் ஆளப்போவோர்க்கு வேண்டிய கல்வி, ஆளப்படுவோர்க்கு அதனினும் மிகுதியாக வேண்டப்படுவது என்பதையும் நாம் மறத்தலாகாது.

இலங்கையில் இவ்விரு துறைகளும் தனித்தனியே வளர்ந்தன. 1942இல் நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் துணைவேந்தரான ஐவர் ஜெனிங்ஸ் அரசியலமைப்புச் சட்ட அறிஞர். பின்னர் பேராதனையில் மெய்யியலைக் கே. என். ஜயதிலகவும், அரசறிவியலை ஏ. ஜே. வில்சனும் வளம்படுத்தினர். 1974இல் யாழ்ப்பாண வளாகம் தோன்றியது. பொதுக் கலைமாணிப் பட்டத்திற்கு மூன்று பாடங்களைத் தெரிவுசெய்யும் மரபினால் ஒரே மாணவர் இரண்டையும் பயிலுதல் கூடும். ஆயினும் அருகருகே கற்பது இணைத்துக் கற்பதாகாது. இவ்வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டாற் காணலாம்.

ஒல்லாந்த அறிஞர் ஹியூகோ குரோசியஸ் 1609இல் வெளியிட்ட 'சுதந்திரக் கடல்' என்னும் நூல், கடல் எவர்க்கும் உடைமையாகாது என வாதிட்டது. மெய்யியல் மாணவர் இதனை இயற்கைச் சட்டக் கோட்பாடாகக் கற்பர். ஆனால், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்காக அவர் எழுதிய பெருநூலொன்றின் ஓர் இயலே இது. கீழைக்கடல்களிற் போர்த்துக்கேயர் கோரிய தனியுரிமையை மறுப்பதே அதன் உடனடித் தேவை. 1658இல் ஒல்லாந்தர் மன்னாரைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். அதன்பின், கடல் பொதுவென வாதிட்ட அதே கம்பனி மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பைத் தன் ஆணைக்குட்படுத்தி வரி அறவிட்டது. இதற்கு முன்னரே, 1635இல், ஆங்கிலேயரான ஜோன் செல்டன் குரோசியஸின் கருத்தை மறுத்திருந்தார். பிறர் பயன்படுத்துவதாற் கடல்வளம் குறைவுறும் என்ற அவர், முத்தும் பவளமும் விளையும் கடல்களை அதற்குச் சான்றாகக் காட்டினார்; அவ்வாதமும் இங்கிலாந்தின் கடலாதிக்கத்துக்குத் துணைபோயிற்று. வாதத்தின் வலிமையை அளக்க மெய்யியல் வேண்டும். அது யாருக்குப் பயன்பட்டது என அறிய அரசறிவியல் வேண்டும். ஒன்றை மட்டும் கற்பவர் ஏமாளியாவர். மற்றதை மட்டும் கற்பவர் எந்த நியாயத்தையும் நம்பாதவராவர்.

இவ்விவாதம் பழங்கதையன்று. 1974, 1976 ஆகிய ஆண்டுகளின் உடன்படிக்கைகள் இந்திய, இலங்கைக் கடலெல்லையை வகுத்தன. போர்க்காலத் தடைகள் 2009இன் பின் படிப்படியாகத் தளர, கடலுக்கு மீண்ட வடபகுதி மீனவர் தமிழகத்து இழுவைப்படகுகளை எதிர்கொண்டனர். 2017இல் இலங்கை இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. ஆயினும் பிணக்கு ஓயவில்லை. இரு கரையோரும் ஒரே மொழியினர். இழுவைப்படகுகளிற் பலர் கூலிக்கு உழைப்பவர். பாரம்பரிய உரிமை என்பதன் எல்லை யாது? கடலடியையே சுரண்டி அழிக்கும் கருவிக்கும் அவ்வுரிமை உண்டா? வறியவரிடையே முரண்பாடு எழுமிடத்து இன உறவு தீர்ப்பாகுமா? எல்லைக்கோடு மட்டும் இவற்றுக்கு விடையளிக்காது. எல்லைக்கோட்டை மறந்த அறவுரையும் விடையளிக்காது.

இன்னொரு வினா நமக்கு இதனினும் கசப்பானது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப்புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். எருக்கலம்பிட்டி, முசலி முதலிய மன்னார்ப் பகுதிகளின் மக்கள் உடைமைகளை இழந்து, பெரும்பாலும் புத்தளத்திற் பல்லாண்டுகள் ஏதிலிகளாய் வாழ்ந்தனர். தம்மைத் தாமே ஆளும் உரிமை ஒரு மக்களுக்கு உண்டெனின், அம்மக்களுள் யார் அடங்குவர் என்பதை யார் தீர்மானிப்பது? சுயநிர்ணயம் பற்றிப் பேசும் எவரும் இவ்வினாவைக் கடந்து செல்ல இயலாது. மீள்குடியேற்றமும் புதிய சிக்கல்களைத் தந்தது. முசலிப் பிரதேசக் காடுகளை உள்ளடக்கி 2017இல் மாவில்லுப் பாதுகாப்பு வனம் பிரகடனஞ் செய்யப்பட்டபோது, தம் காணிகளும் அதனுள் அடங்குவதாக மீண்டுவந்தோர் எதிர்த்தனர். நீண்டகாலம் ஆளற்றுக் கிடந்த நிலத்தின்மீது பழைய உரிமை நிலைக்குமா, காட்டைக் காக்கும் கடமை எவருடைய தோளிற் சுமத்தப்படுகின்றது என்பன ஒருசேர நீதிபற்றியனவும் அதிகாரம்பற்றியனவுமாகும்.

ஆகவே, இணைந்த பட்டநெறி என்பது இரு பாடப்பட்டியல்களை ஒட்டுவதன்று. இறுதியாண்டில் இரு துறை விரிவுரையாளரும் ஒரே வகுப்பில் நடத்தும் பொதுப்பாடம் ஒன்று வேண்டும். ஒவ்வொரு மாணவரும் தம் பிரதேசப் பிணக்கொன்றை எடுத்து, சம்பந்தப்பட்டோர் ஒவ்வொருவரின் நியாயத்தையும் நலனையும் வேறுபிரித்து எழுதுதல் வேண்டும். தமிழ்மூலம் கற்போர் மூலநூல்களைச் சுருக்கக் குறிப்புகள் வழியாகவன்றி நேரே வாசிக்குமாறு, தெரிந்தெடுத்த பகுதிகளேனும் மொழிபெயர்க்கப்படல் வேண்டும்.

பல்கலைக்கழக அனுமதியிற் பின்தங்கிய மாவட்டமாகக் கணிக்கப்படுவது மன்னார். அங்கிருந்து கலைப்பீடம் புகுவோரிற் பலர் ஆசிரியராகவும் அரச உத்தியோகத்தராகவும் ஊர் திரும்புகின்றனர். காணிப்பிணக்கும் கடற்பிணக்கும் நாளை அவர்தம் மேசைக்கே வரும். சுற்றறிக்கையை மட்டும் அறிந்தவர் அதற்குக் கீழ்ப்படிவர். நீதியை மட்டும் அறிந்தவர் மனம் வருந்துவர். இரண்டையும் இணைத்துக் கற்றவரே, எதிர்த்தரப்பினரின் உரிமையையும் மதித்து, அச்சுற்றறிக்கையைக் கேள்விக்குட்படுத்த வல்லவர். அத்தகையோரை உருவாக்குதல் நம் கலைப்பீடங்களின் கடனாகும்.