‘டப்பா வண்டி’யும் நம் சரக்கும்

போடியிலிருந்து அரிசி, பருப்பு, எண்ணெய் மலைக்கு ஏறுகின்றன. மலையிலிருந்து ஏலக்காய், மிளகு, காப்பி இறங்குகின்றன. வாடகை குறைவு என்று நாம் பிடிக்கும் பழைய வண்டிகளை ‘டப்பா’ என்று பொதுவாகச் சொல்லிச் சிரித்து விடுகிறோம். ஆனால் அவற்றின் பட்டப் பெயர் ஒவ்வொன்றும் ஒரு பழுதைச் சொல்கிறது. அது என்ன பழுது என்று அறிந்த பிறகே மூட்டை ஏற்ற வேண்டும்.

‘ஓட்டை வண்டி’ என்றால் தகடு துருப்பிடித்தது, தார்ப்பாய் கிழிந்தது. பச்சை ஏலக்காயில் சுமார் 80 சதவீதம் உள்ள ஈரத்தை உலர்த்தி 10 முதல் 12 சதவீதத்திற்குக் கொண்டு வருகிறோம். வழியில் ஒரு மழை பிடித்தால் அத்தனை உழைப்பும் வீண். நிறம் மங்கும், பூசணம் பிடிக்கும், விலை விழும்.

‘லொடலொட வண்டி’யில் போல்ட்டும் பட்டையும் தளர்ந்திருக்கும். சாக்கு உராய்ந்து கிழியும். எண்ணெய் டின் ஒழுகும்.

‘தள்ளு மாடல்’ தானாகக் கிளம்பாது. போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றத்தில், வளைவில் என்ஜின் நின்றால் பாரத்தோடு தள்ளுவது யார்? இறக்கத்தில் பிரேக்கையே நம்பி வந்தால் அது சூடேறிப் பிடிப்பு குறையும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது இதனால்தான். அதற்கு என்ஜின் ஒழுங்காக இருக்க வேண்டும்.

‘காயலான் கடை வண்டி’ என்ற பெயர், பழைய இரும்பு வியாபாரம் செய்த காயல்பட்டினத்து வணிகர்களால் வந்தது என்பர். ‘பேரீச்சம்பழத்துக்குப் போடு’ என்பதும் அதே பொருள்தான். தெருவில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலத்துப் பேச்சு. இத்தகைய வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது தாள்களை. 8 ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் விபத்து நேரும்போது இன்சூரன்சில் வில்லங்கம் வரும்.

பழையது எல்லாம் பழுதானது அல்ல. புது வண்டி திணறும் எஸ்டேட் பாதையில், நன்கு பராமரித்த பழைய ஜீப் ஏறிவிடும். ஆகவே வயதைக் கேட்க வேண்டாம்; பிரேக், தார்ப்பாய், எஃப்.சி. மூன்றையும் கேளுங்கள். வாடகையில் மிச்சம் பிடித்து முதலை இழப்பது வியாபாரம் ஆகாது.