வடகம் கிள்ளிப் போட்ட டிஸ்கோ

புதுச்சேரியில் மீன் குழம்பை இறக்குமுன் வடகத்தில் கொஞ்சம் கிள்ளி நல்லெண்ணெயில் பொரித்துக் கொட்டுவார்கள். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம் எல்லாம் இடித்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, ஈரம் போகும்வரை வெயிலில் காய்ந்த உருண்டை அது. பிரெஞ்சுக்காரர்கள் அதைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோய் வெண்ணெயில் வதக்குகிறார்கள். ஒருவர் பாட்டை இன்னொருவர் தன் பாட்டாக்கும் ‘கவர்’ வேலையும் இதே பக்குவம்தான்.

பிரான்சிலிருந்து இந்தப் பக்கம் வந்த ஒன்றைப் பார்ப்போம். 1980-ல் ஒட்டாவான் ஜோடி பாடிய டிஸ்கோ பாட்டு ‘தே ஓகே’. அந்த மெட்டை வைத்து 1982-ல் ‘டிஸ்கோ டான்ஸர்’ படத்துக்கு ‘ஜிம்மி ஜிம்மி’யைப் போட்டார் பப்பி லஹிரி; பாடியவர் பார்வதி கான். சிறுமியாக அதற்கு ஆடிய ஈழத்துப் பெண் மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2007-ல், அம்மாவின் பெயரிட்ட ‘கலா’ தொகுப்பில் அதைத் திரும்பப் பாடினார்.

கவரிலும் முதல் வேலை காயவைப்பது. கதை, வரிகள், அந்தக் காலத்து ஒலிப்பதிவு எல்லாம் ஈரம். வற்றிய பிறகு ‘ஜிம்மி’யில் மிஞ்சுவது பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு கொக்கி. படத்தில் அது, எலக்ட்ரிக் கிதாரில் மின்சாரம் பாய்ந்து அம்மா செத்ததால் கிதாரைக் கண்டாலே நடுங்கும் பாடகனைப் பாடவைக்கும் கெஞ்சல். எம்.ஐ.ஏ.வோ ருவாண்டா, காங்கோ என்று கிளம்புகிறவனை அதே கொக்கியால் அலட்சியமாக இழுக்கிறார். டிஸ்கோ வயலின் வாசம் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. எனக்கு அந்த அலட்சியம்தான் பிடிக்கும். பப்பிதா ரசிகர்கள் மன்னிக்கவும்.

அடுத்தது பொரிப்பது. அங்கேதான் சிந்தசைசர் வருகிறது. அதன் ஆஸிலேட்டர் தரும் ரம்பப்பல் அலையில் மேல்சுரங்கள் அத்தனையும் இருக்கும், இடித்த மசாலா மாதிரி. ஃபில்டர் குமிழ்தான் அடுப்புத் தீ: குறைத்தால் ஒலி மந்தமாக அடியிலேயே கிடக்கும், ஏற்றினால் சுள்ளென்று கிளம்பும். என்வலப் என்பது பொரியும் விதம்: கடுகாகப் படீரென வெடித்து அடங்கலாம், வெந்தயமாக நின்று சிவக்கலாம். எந்தத் தட்டில் எது விழ வேண்டும் என்பதை சீக்வென்சர் பார்த்துக்கொள்ளும். இவ்வளவும் அடங்கிய ஒரே பெட்டி ரோலண்ட் எம்சி-505. பாடகி பீச்சஸ் காட்டிக்கொடுத்த அந்தப் பெட்டியில்தான் எம்.ஐ.ஏ. பாட்டுக் கட்டத் தொடங்கினார்.

உருண்டை முழுவதையும் போட்டால் வெந்தயம் குழம்பைக் கசக்கடித்துவிடும். ஜூன் 21, ஃபெத் தெ லா மியூசிக் இசை விழா அன்று நம் தெருக்களில் கேட்கும் கவர்கள் பலவும் சறுக்குவது இங்கேதான்: மூலத்தின் டோன், இடையிசை, பாடகரின் இருமல் வரை அப்படியே இருக்கும். தாளிப்பு கடன் வாங்கியதாக இருக்கலாம், குழம்பு நம்முடையதாக இருக்க வேண்டும். ‘கலா’விலேயே ‘பேர்ட் ஃப்ளூ’வில் சென்னையில் பதிந்த உறுமி உறுமுகிறது.

‘தே ஓகே’வை உருவாக்கியவர்களில் ஒருவரான டானியல் வாங்கார்டின் மகன், டாஃப்ட் பங்க் இசை ஜோடியின் தாமஸ் பாங்கால்டேர். அவரும் பழைய டிஸ்கோ தட்டுகளிலிருந்து கிள்ளித்தான் பேர் வாங்கினார்.