ஒரு டன் முள்விறகின் கணக்கு

முதுகுளத்தூர், கமுதி பக்கம் மானாவாரி நிலம் சில ஆண்டுகள் தரிசாகக் கிடந்தால் சீமைக் கருவேலம் அடைத்துக்கொள்ளும். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அதை வெட்டுக்கு விடுகிறார்கள். மழை பொய்த்து நெல்லும் மிளகாயும் கைவிட்ட ஆண்டில் பல வீடுகளுக்கு அந்தப் பணம்தான் ஆதாரம். வெட்டிய விறகு வீட்டு அடுப்புக்குப் போகலாம், கரிமூட்டத்துக்குப் போகலாம், விறகில் ஓடும் மின்நிலையத்துக்கும் போகலாம்.

காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 16 மெகாஜூல் வெப்பம் தரும், டன்னுக்கு 16,000. மூன்று கல் அடுப்பில் அதில் பத்தில் ஒரு பங்குதான் பாத்திரத்தைச் சேர்கிறது. அதாவது 1,600. 14.2 கிலோ கேஸ் சிலிண்டரில் கிலோவுக்கு 45 மெகாஜூல். அதில் 60 சதவீதம் பாத்திரத்துக்கு வந்தால் 383. ஆக, ஒரு சிலிண்டர் செய்யும் வேலைக்கு 240 கிலோ விறகு வேண்டும்.

இதை ரூபாயில் பார்ப்போம். 2025 ஏப்ரல் விலை உயர்வுக்குப் பின் சென்னையில் ஒரு சிலிண்டர் 868 ரூபாய் 50 காசாக இருந்தது. ஏழை வீடுகளுக்கான உஜ்வலா திட்டத்தின் அப்போதைய மானியம் 300 ரூபாயைக் கழித்தால் 568.50. இதை 240-ஆல் வகுத்தால் 2 ரூபாய் 37 காசு. அந்த விலையில், விறகு கிலோ அதற்குக் கீழே கிடைத்தவரை விறகுதான் மலிவு. சொந்தக் கொல்லையில் ஒடித்த முள்ளுக்கோ காசே இல்லை. 2023-24-ல் உஜ்வலா வீடுகள் சராசரியாக ஆண்டுக்கு 3.95 சிலிண்டர்தான் வாங்கின. பழசை விட மனமில்லாதவர்கள் என்று இவர்களைச் சொல்வது அநியாயம். கையில் உள்ள காசுக்கு அவர்கள் போட்ட கணக்கு சரியானது.

ஆனால் அந்தக் கணக்கில் புகை ஏறவில்லை. வீட்டுக்குள் எழும் புகையால் 2020-ல் உலகெங்கும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியக் கிராமப்புற வீடுகளில் 62.5 சதவீதம் விறகில் சமைத்தவை.

கரிமூட்டத்தில் ஒரு டன் விறகு 200 முதல் 250 கிலோ கரியாகும். கரியில் கிலோவுக்கு 29 மெகாஜூல் என்றால் 5,800 முதல் 7,250 மெகாஜூல் வரை மிஞ்சும். பாதிக்கு மேல் மூட்டத்திலேயே போய்விடுகிறது. ஆனாலும் வெட்டவும், அடுக்கவும், மண் மூடவும், கரி பொறுக்கவும் கூலி கிடைப்பது இங்கேதான். நிலமில்லாதவர்களுக்கு இந்த மரத்தில் உள்ள பங்கும் அதுவே. மின்நிலையத்தில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 1.2 முதல் 1.5 கிலோ வரை விறகு எரிகிறது. டன்னுக்கு 670 முதல் 830 யூனிட்.

மறுபடி வீட்டு அடுப்புக்கு வருவோம். காற்று சீராக ஏறும் மேம்பட்ட விறகடுப்பில் 25 சதவீத வெப்பம் பாத்திரத்துக்கு வரும். அதே டன்னில் 4,000 மெகாஜூல். பத்து சிலிண்டருக்கு மேல். ஒரு நிபந்தனை உண்டு: விறகு காய்ந்திருக்க வேண்டும். எடையில் பாதி ஈரமாக இருந்தால் கிலோவுக்குக் கிடைப்பது 8 மெகாஜூல் அளவுதான். மழைக்காலத்துக்கு ஒரு விறகுக் கொட்டகை போட்டுக் கொடுப்பது, அடுப்பை மாற்றுவதற்குச் சமமான உதவி.

சீமைக் கருவேலத்தை அகற்ற வேண்டும் என்று 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டதிலிருந்து இந்த மரத்துக்கும் நிலத்தடி நீருக்கும் உள்ள தொடர்பைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. அடுப்பைப் பற்றியும் பேச வேண்டும். ஆண்டுக்கு 7 சிலிண்டர் அளவு சமைக்கும் வீட்டுக்கு மூன்று கல் அடுப்பில் சுமார் 1,680 கிலோ விறகு வேண்டும். மேம்பட்ட அடுப்பில் 670 கிலோ போதும். மிஞ்சும் ஒரு டன் கரிமூட்டத்துக்குப் போனால், அந்த வீட்டுக்கு விற்க 200 கிலோ கரியாவது இருக்கும்.