இலைக்கட்டி

வலியில்லாத கட்டியை நோயென எண்ணாதார் பலர். பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவிய பெண்டிர்க்கு, ஈப்போ மருத்துவமனைக்குச் சென்று வருதல் ஒருநாட் கூலியை இழப்பதாகும். நாணமும் உடன் நின்று தடுத்தது. தோட்டங்கள் பல மறைந்த பின்னரும் அத்தயக்கம் முற்றும் மறையவில்லை. தயக்கத்தைப் பொறாத கட்டி ஒன்று உண்டு.

1838-இல் செருமானிய அறிஞர் யோகான்னசு முல்லர் அதனை விவரித்தார். அறுத்து நோக்கியபோது உள்ளே இலைமடிப்புகள் போன்ற அமைப்பைக் கண்டு, இலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் ‘பில்லோடிசு’ எனப் பெயரிட்டார். தமிழில் இதனை இலைக்கட்டி எனலாம். மார்பகக் கட்டிகளுள் இது நூற்றுக்கு ஒன்றினும் குறைவு.

இளம்பெண்களிடம் பெரிதும் காணப்படும் தீங்கற்ற நார்க்கட்டியும் இதுவும் தொடுவதற்கு ஒத்தவை. இரண்டும் வழுவழுப்பாய் விரலுக்கு நழுவும். வேறுபாடு யாதெனில், விரைவே. நார்க்கட்டி பெரும்பாலும் சிறிதாகவே நின்றுவிடும். இலைக்கட்டியோ சில வாரங்களில் அல்லது திங்கள்களில் பெருத்துவிடக்கூடும். நெடுநாள் அடங்கியிருந்த கட்டி திடீரென வளரினும் ஐயுறல் வேண்டும்.

மருத்துவர் கையால் சோதித்து, ஒலியலைப் படமோ எக்சுகதிர்ப் படமோ எடுத்து, ஊசியால் திசுத் துணுக்கு எடுத்து ஆராய்வர். துணுக்கு சிலபோது ஏமாற்றும். அகற்றிய கட்டி முழுவதையும் ஆராய்ந்த பின்னரே தீங்கற்றது, இடைநிலை, கொடியது என்னும் மூவகையுள் எதுவெனத் துணிவர். பெரும்பாலானவை தீங்கற்றவையே.

மருந்து அறுவையே. லாலான் புல்லை மேலாகப் பறித்தால் மீண்டும் தழைப்பது தோட்டத்தார் அறிந்ததே. அதுபோல, கட்டியை மட்டும் தோண்டியெடுப்பின் மீண்டும் தோன்றக்கூடும். ஆதலின் சுற்றியுள்ள நல்ல திசுவையும் சிறிது சேர்த்து அகற்றுவர். சுமார் ஒரு சென்டிமீட்டர் என்பது நெடுநாள் வழக்கு. தீங்கற்றவற்றிற்கு இன்று அதனினும் குறைந்த அளவும் ஏற்கப்படுகிறது. கட்டி மிகப் பெரிதாயின் மார்பகம் முழுவதையும் அகற்ற நேரலாம். கொடியவகை பரவின், குருதி வழியே நுரையீரலை அடைவதே மிகுதி. அக்குள் நெறிக்கட்டிகளை அகற்றுதல் பெரும்பாலும் வேண்டுவதில்லை.

மீண்டும் தோன்றும் வாய்ப்பை மதிப்பிட, சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை ஆய்வாளர் 2012-இல் ஒரு கணிப்புமுறை வெளியிட்டனர். உயிரணுக்களின் மாறுபாடு, அவை பிரியும் அளவு, இணைப்புத் திசுவின் மிகைவளர்ச்சி, அறுத்த விளிம்பின் நிலை ஆகிய நான்கும் அதன் அடிப்படை. எவ்வகையாயினும், அறுவைக்குப் பின் சில ஆண்டுகள் தவறாது பரிசோதனைக்குச் செல்லுதல் வேண்டும்.

அண்மையிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் முதலிற் காட்டலாம். வேண்டின் அங்கிருந்தே ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவர். கட்டியை எப்போது கண்டது, அப்போது எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு என்னும் மூன்றையும் மறவாது சொல்லுதல் வேண்டும். மருத்துவர்க்கு நோயின் விரைவை உணர்த்துவது அச்சொல்லே.